கழிக்காமல் விட்ட ஒன்றரை

வேலையை விட்ட பிறகும் எங்கள் வார்டின் வாட்சாப் குழு என் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. நானும் வெளியேறவில்லை, அவர்களும் துரத்தவில்லை. போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. ஒரு பிள்ளையின் மேல்கையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டு. தோலில் ஒட்டிவிட்டால் போதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவைத் தானாகவே கைப்பேசிக்கு அனுப்பிவிடுமாம். படத்துக்குக் கீழே புது மிஸ்ஸிகளில், அதாவது தாதிகளில், ஒருத்தி கேட்டிருந்தாள்: "பவித்ராக்கா, உங்க காலத்துல ஒரு பிள்ளைய எத்தன தடவ குத்துவீங்க?"

உங்க காலமாம்! எனக்கு வயது நாற்பத்திரண்டு. நாற்பதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். "அலமாக், நான் என்ன மியூசியத்திலயா இருக்கேன்?" என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. குழாய் செருக ஒரு தடவை குத்தினால் போதும், ரத்தம் எடுக்க வேண்டியதுதான் ஐந்து தடவை. ஒரே ஒரு பிள்ளைக்கு நான் இரண்டோடு நிறுத்தினேன். அதை வாட்சாப்பில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாண்டு தாதியர் படிப்பு, ஓராண்டு பெரியவர்கள் வார்டு, அப்புறம் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பகல்நேரப் பிரிவு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் மிச்சமெல்லாம் அந்தப் பகல்நேரப் பிரிவில்தான் கழிந்தது.

அங்கே 'மஜ்ஜைப் பிள்ளைகள்' என்று நாங்கள் அழைத்த ஒரு சிறு கூட்டம் வரும். பிறக்கும்போதே எலும்பு மஜ்ஜை பழுதானவர்கள். நான்கைந்து வயது வரைக்கும் ஓடி ஆடுவார்கள். பிறகு மஜ்ஜை ரத்தம் செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடும். உடம்பில் பால்காப்பி நிறத்தில் படைகள், சிலருக்குக் கட்டைவிரல் சூம்பியிருக்கும், தொட்டாலே தோல் நீலமாகும். ரத்தம் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். எல்லோரும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே நோய் அவர்கள் வளர்ச்சியையும் தைராய்டையும் சர்க்கரையையும் ஓசையில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கத்தான் டாக்டர் சிவயோகம் இருந்தார்.

டாக்டர் யோகம் என்போம். ஹார்மோன் மருத்துவர். அப்பா, தாத்தா எல்லோரும் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். வயதில் சிறியவர்களை எல்லாம் 'நீர்' என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்! அவர் கேள்வி கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே நம் தப்பு தெரிந்துவிடும்.

முதல் வாரத்தில் ஒரு ரத்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதிலை அறுபதாவது நிமிடம் எண்டு எழுதியிருக்கு. எத்தனை மணிக்கு எடுத்தனீர்?"

"அறுபத்தாறு இருக்கும் டாக்டர். நரம்பு கிடைக்கல."

"அப்ப அறுபத்தாறு எண்டு எழுதும். எடுக்க வேண்டிய நேரம் எனக்கு ஏற்கெனவே தெரியும். எடுத்த நேரம் உமக்கு மட்டும்தான் தெரியும்."

அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தி, வெறும் வயிற்றில் வர வேண்டும். புறங்கையில் மரத்துப்போகும் களிம்பு தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மணி நேரம் காத்திருப்போம். பிறகு ஒரு மெல்லிய குழாயை நரம்பில் செருகி முதல் ரத்தம். அடுத்தது குளுக்கோஸ் தண்ணீர், கிலோவுக்கு ஒன்றே முக்கால் கிராம். அதை ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும். எலுமிச்சை பிழியக் கூடாது, ஐஸ் போடக் கூடாது என்பார் டாக்டர் யோகம். வெதுவெதுப்பான, தொண்டையில் ஒட்டும் இனிப்பு. நான் ஒருமுறை குடித்துப் பார்த்து, கழிவறைக்கு ஓடினேன். பிறகு முப்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றிருபதாவது நிமிடங்களில் ரத்தம். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி டியூப், இன்சுலினுக்கு இன்னொன்று, அது ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு ஓட வேண்டும்.

எதற்கு ஐந்து? மஜ்ஜைப் பிள்ளைகளில் பலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இருக்கும். இனிப்பு உள்ளே போனதும் இன்சுலின் தாமதமாகத்தான் கிளம்பும். கோளாறு ஒளிந்திருப்பது கடைசி ஒரு மணி நேரத்தில்.

செடெனாக்கிலிருந்து ஒரு அப்பா மகனைக் கூட்டிவந்தார். நான் குழாய் செருகி முடித்து, குளுக்கோஸைக் கலக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் யோகம் உள்ளே வந்து பையனின் வாயோரத்தைப் பார்த்தார்.

"தம்பி காலமை என்ன சாப்பிட்டவர்?"

"ஒன்னும் சாப்பிடல டாக்டர்," என்றார் அப்பா. "பஸ்ல அழுதான், அதான் மைலோ மட்டும்."

"மைலோவா?" என்றேன் நான்.

"தண்ணி குடுக்கலாம்னு நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க? மைலோவும் தண்ணிதானே லா!"

வார்டே சிரித்தது. நான் மட்டும் குமுறினேன், பாலும் சர்க்கரையும் சேர்ந்த மைலோ உள்ளே போனபின் அவ்வளவு வேலையும் வீண். டாக்டர் யோகம் குழாயை எடுக்கச் சொல்லிவிட்டு, வேறு நாள் கொடுத்து அனுப்பினார். "பாவம் டாக்டர், அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க, மைலோதானே, கொஞ்சம் நேரம் விட்டு ஆரம்பிச்சிருக்கலாமே" என்றேன். "பாவம் பாக்கிறதெண்டால் முழுசாப் பாரும். அரைகுறைச் சோதனையோட வீட்டுக்கு அனுப்பிறதுதான் பாவம்" என்றார். அவர் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எல்லாமே நினைவிருக்கும் என்று ஒரு திமிர்.

அந்தத் திமிருக்குக் காரணமும் இருந்தது. நான் படிப்பேன். மற்ற மிஸ்ஸிகள் இடைவேளையில் நாடகம் பார்க்கும்போது நான் மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப்பிடித்து வாசிப்பேன். வார்டின் இளம் டாக்டர்களான மருத்துவ அதிகாரிகளுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்குப் பசிக்காது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு விரல்நுனியில் குத்திப் பார்க்கும் மெஷின் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். சிவப்பணு குறைந்தால் எண் ஏறும். உண்மைதான். இன்றைக்கும் உண்மைதான்.

கீர்த்தனா லாபிஸிலிருந்து வருவாள். பத்து வயது, இருபத்திரண்டு கிலோ. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு. அம்மா விமலாதான் எப்போதும் கூட வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்பேன்.

மஜ்ஜையைத் தூண்டிவிட கீர்த்தனாவுக்கு ஓர் ஆண் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஓராண்டு அதுதான் ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போட்டது. கூடவே குரலை உடைத்துவிட்டது. மேலுதட்டில் பூனைமுடி கறுத்தது. பள்ளியில் பையன்கள் அவளை 'பாங்' என்று கூப்பிட்டார்கள், மலாயில் அண்ணன். அதைச் சொல்லிவிட்டு அந்தக் கட்டைக் குரலிலேயே சிரித்தாள்.

"நான் திரும்பி, என்னா தம்பின்னு கேட்டேன் மிஸ்ஸி. பயந்துட்டானுங்க."

"வாய்க் கொழுப்பப் பாருங்க மிஸ்ஸி," என்றார் விமலா அக்கா. முகத்தில் அவ்வளவு பெருமை.

பிறகு மாத்திரையும் கைவிட்டது. மாதம் இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். தங்கை யாழினியின் மஜ்ஜை பொருந்துகிறது என்று முடிவு வந்தது. கோலாலம்பூரில் மாற்று சிகிச்சைக்குப் படுக்கை கிடைத்தது. அது எளிதில் கிடைக்கிற படுக்கை இல்லை. ஒருவர் பின்வாங்கினால் அடுத்த பெயர் அதே நாளில் ஏறிவிடும். போவதற்கு முன் எங்கள் பக்கத்திலிருந்து ஹார்மோன் அறிக்கை ஒன்று போக வேண்டும், அதில் இந்தச் சர்க்கரைச் சோதனையும் உண்டு. டாக்டர் யோகம் அந்த இரண்டு வாரம் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார்.

முப்பத்தெட்டரை கிராம் குளுக்கோஸ். கீர்த்தனா மூக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடத்தில் குடித்தாள். முதல் ரத்தம் சரியாக வந்தது. முப்பதாவது நிமிடமும் வந்தது. அறுபதில் குழாய் அடைத்துக்கொண்டது. தள்ளிப் பார்த்தேன், புறங்கை உப்பியது. எடுத்துவிட்டு இன்னொரு கையில் குத்தினேன். நரம்பு வெடித்து, கண் முன்னாலேயே கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. முழங்கை மடிப்பில் ஒருமுறை. அங்கேயும் இல்லை. அதுவரை அழாத பெண் உடைந்த குரலில் அழ ஆரம்பித்தாள்.

"போதும் மிஸ்ஸி," என்றார் விமலா அக்கா. மகளின் இரண்டு கைகளையும் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "கையப் பாருங்க, எப்படி நீலமா கெடக்கு. போதும். இதுக்கு மேல வேணாம்."

நான் நிறுத்தினேன். இரண்டு மணி நேரம் ஆனதும், சும்மா ஒரு பார்வைக்காக, விரல்நுனியில் மட்டும் ஒரு சொட்டு எடுத்து மெஷினில் வைத்தேன். எங்கள் மில்லிமோல் கணக்கில் பன்னிரண்டு புள்ளி எட்டு, மில்லிகிராமில் இருநூற்று முப்பது.

"எவ்ளோ மிஸ்ஸி?"

"பன்னெண்டு காட்டுது கா. ஆனா அத நம்ப முடியாது. ரத்தம் கம்மியா இருந்தா இந்த மெஷின் கூட்டித்தான் காட்டும்."

"அப்படியா? நல்ல வேள நீங்க சொன்னீங்க. நான் பயந்தே போயிருப்பேன்."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! படித்தது ஒருவருக்கு உதவிவிட்டது.

படிவத்தில் அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது கட்டங்களில் 'குழாய் அடைப்பு, ரத்தம் எடுக்கப்படவில்லை' என்று எழுதினேன். எதுவும் பொய் இல்லை. விரல்நுனி எண்ணுக்கு அதில் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் யோகம் வரும்வரை எல்லாம் நிற்கும், மறுபடி சோதனை, மறுபடி அந்தக் கைகள், படுக்கை வேறொரு பிள்ளைக்கு. தப்பான எண் ஒன்றுக்காக அவ்வளவுமா என்று நினைத்தேன். எழுதவில்லை.

மருத்துவ அதிகாரி ஒருவர் தன் பங்குக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சோதிக்க அனுப்பினார். ஐந்து புள்ளி ஒன்று சதவீதம் என்று வந்தது. அருமையான எண். அதையும் வெறும் வயிற்று எண்ணையும் வைத்து 'சர்க்கரை இயல்பு' என்று அறிக்கை கோலாலம்பூருக்குப் போனது.

மாற்று சிகிச்சை நடந்தது, தங்கையின் மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வாரத்தில் புது மஜ்ஜை கீர்த்தனாவின் தோலையும் குடலையும் தாக்கத் தொடங்கியது. அதை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இரண்டே நாளில் சர்க்கரை முப்பதைத் தாண்டியது. அங்கிருந்து டாக்டர் யோகத்துக்கு அழைப்பு வந்தது: இரண்டு மணி நேர அளவு உண்மையில் எவ்வளவு இருந்தது?

அவர் படிவத்தோடு என்னிடம் வந்தார். அறுவை செய்த கண் இன்னும் சிவந்திருந்தது. உட்கார்ந்தார். எனக்கும் நாற்காலி காட்டினார்.

"மூண்டு கட்டம் வெறுமையா இருக்கு. ரெண்டு மணித்தியாலத்திலை நீர் ஒண்டுமே பாக்கேல்லையா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான் என் பக்கம் சொல்ல முடிந்த நல்லது. "விரல்ல பாத்தேன் டாக்டர். பன்னெண்டு புள்ளி எட்டு. ஆனா ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்துச்சு. மெஷின் கூட்டிக் காட்டும்."

"ஓம், கூட்டிக் காட்டும். எவ்வளவு கூட்டும்?"

"ஒன்னு... ஒன்னரை இருக்கலாம்."

"கழியும்."

"எத டாக்டர்?"

"பன்னிரண்டு புள்ளி எட்டிலை இருந்து ஒண்டரையைக் கழியும்."

"பதினொன்னு புள்ளி மூனு."

"அது இயல்போ?"

இரண்டு மணி நேரத்தில் ஏழு புள்ளி எட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு. பதினொன்று புள்ளி ஒன்றைத் தொட்டாலே நீரிழிவு என்று சந்தேகிக்க வேண்டும். இது தாதியர் கல்லூரி முதலாண்டுப் பாடம். மெஷின் கூட்டிக் காட்டும் என்று தெரிந்த எனக்கு, அந்தக் கூடுதலைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. எண் தப்பு என்று தெரிந்தவுடனேயே எண்ணையே தூக்கி எறிந்துவிட்டேன்.

"மூனு மாசச் சராசரி அஞ்சு புள்ளி ஒன்னுதானே டாக்டர்..."

"அது ஆருடைய ரத்தம்?" என்றார். "மாதம் ரெண்டு தரம் ஏத்திறம். பத்து பகாட் டவுனிலையோ குளுவாங்கிலையோ ரத்ததானம் செய்த ஆரோ நாலு பேருடைய சீனியைத்தான் அந்தச் சோதனை அளந்திருக்கு. அந்த நாலு பேரும் சுகமா இருக்கினம், அதிலை சந்தேகமில்லை."

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "மெஷின் கூட்டிக் காட்டும் எண்டு உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"நானே படிச்சேன்."

"நல்லது. படியும். ஆனால் பாதியிலை நிப்பாட்டாதையும்."

முன்பே தெரிந்திருந்தால் இன்சுலினை ஸ்டீராய்டோடு சேர்த்தே தொடங்கியிருப்பார்கள், அல்லது மாற்று சிகிச்சையையே சில வாரம் தள்ளிவைத்து மறுபடி சோதித்திருப்பார்கள். இப்போது பின்னால் ஓடினார்கள். ஏறிய சர்க்கரை இறங்குவதற்குள் நுரையீரலில் பூஞ்சை பிடித்தது. கீர்த்தனா பதினேழு நாள் தாக்குப்பிடித்தாள்.

செய்தி வந்த அன்று டாக்டர் யோகம் என்னைக் கூப்பிட்டார். "சீனி ஏறாட்டிலும் பூஞ்சை வந்திருக்கலாம். வராமலும் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. ஆறுதலுக்குச் சொல்லேல்லை, தண்டனைக்கும் சொல்லேல்லை." பிறகு கேட்டார்: "தாய்க்கு இதை ஆர் சொல்லிறது? நான் சொல்லட்டோ?"

"நான் சொல்றேன் டாக்டர்."

விளக்கக் கடிதம் எழுதினேன், எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படிவத்தில் விரல்நுனி எண்ணுக்கும் ஒரு கட்டம் சேர்த்தார்கள். என்னை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. விமலா அக்காவின் எண் என்னிடம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. தீபாவளி போகட்டும் என்று நினைத்தேன். அவர்கள் கொண்டாடப்போவதில்லை என்பது தெரிந்தும் நினைத்தேன். டாக்டர் யோகம் இரண்டு முறை கேட்டார். "இந்த வாரம் டாக்டர்" என்றேன், இரண்டு முறையும்.

ஐந்து மாதம் கழித்து விமலா அக்காவே வந்தார். மஜ்ஜை கொடுத்த தங்கை யாழினிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. அந்தக் குடும்பம் இங்கே வந்தால் என்னிடம்தான் வரும் என்பது பழக்கம். விமலா அக்கா பாதியாக இளைத்திருந்தார். யாழினியை மேசையருகே உட்கார வைத்துவிட்டு, நான் கேட்காமலேயே பேசினார்.

"மிஸ்ஸி, அன்னைக்கு நான் போதும்னு சொன்னேன்ல?"

"அக்கா..."

"கோலாலம்பூர்ல ஒரு டாக்டர் கேட்டாரு, சோதனைய ஏன் பாதில விட்டாங்கன்னு. நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொன்னேன். அவரு ஒன்னும் சொல்லல. எழுதிக்கிட்டாரு." யாழினியின் முடியை ஒதுக்கிவிட்டார். "தெனமும் சோத்துல கை வச்சா அவ கைதான் தெரியுது மிஸ்ஸி. நீலமா. இன்னும் ஒரு தடவ குத்த விட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பால்ல?"

நான் யாழினியை வெளியே விளையாட்டு மூலைக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று பார்த்த எண், அதில் கழிக்காமல் விட்ட ஒன்றரை, ஓரத்தில் எழுதாமல் விட்டது, ஏன் எழுதவில்லை என்பது. "நீங்க போதும்னு சொன்னதால இல்லக்கா. நீங்க சொன்ன பிறகும் எண்ணு என் கையில இருந்துச்சு. அத மறைச்சது நான்."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. மேசைமேல் இருந்த டியூப் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கீர்த்தனா அங்க இருக்கும்போதே தெரியும்கா."

"அஞ்சு மாசம்." விரல் விட்டு எண்ணுவது போலச் சொன்னார். "அஞ்சு மாசம் நான்தான் கொன்னுட்டேன்னு அவ அப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அவரும் அப்படித்தான் நெனைக்கிறாரு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

அவர் எழுந்துபோய் யாழினியை விளையாட்டு மூலையிலிருந்து கூட்டிவந்தார்.

"வேற மிஸ்ஸிய கூப்பிடுங்க," என்றார். "எம் பிள்ள கைய நீங்க தொட வேணாம்."

நான் போய் ஒரு புது மிஸ்ஸியை அழைத்துவந்தேன். அவள் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் வெளியே நின்றேன், போக வேண்டியவள், போகாமல் நின்றேன். உள்ளே யாழினி சிணுங்கும் சத்தம். "ஒரே ஒரு தடவதான் செல்லம், முடிஞ்சிரும்," என்றாள் புது மிஸ்ஸி.

"நரம்பு கெடைக்கலன்னா இன்னொரு தடவ குத்துங்க," என்றது விமலா அக்காவின் குரல். "எத்தன தடவ வேணும்னாலும் குத்துங்க மிஸ்ஸி. நான் போதும்னு சொல்ல மாட்டேன்."